ராயபுரத்தில் ரயில் ஏறியவர் யார்?

போன செமஸ்டரில் வகுப்பில் ஒரு சின்னப் பந்தயம். தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரயில் எங்கிருந்து கிளம்பியது? வகுப்பில் முக்கால்வாசிப் பேர் "சென்ட்ரல்" என்றார்கள். ஒருத்தன் எழும்பூர் என்றான். நான் ராயபுரம் என்றேன். "உங்க ஏரியான்னு விடுறியாடா?" என்று சிரித்தார்கள். மீன் மார்க்கெட், கன்டெய்னர் லாரி, சினிமாவில் வரும் ரவுடி, இதைத் தாண்டி ராயபுரத்தில் வேறு எதுவும் இருக்க முடியாது என்பது தென்சென்னை நண்பர்களின் உறுதியான நம்பிக்கை. பந்தயத்தில் ஜெயித்தேன். ஒரு டீ, ரெண்டு சமோசா.

அன்று சாயங்காலம் பெருமையாக வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் சொன்னேன். தாத்தா முப்பது வருஷத்துக்கு மேல் ராயபுரம் ரயில்வே யார்டில் மூட்டை தூக்கினவர். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆமா, அதுக்கு இன்னா இப்போ?" என்றார்.

யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்விதான். அதுக்கு என்ன இப்போ? சமோசா செரித்துவிட்டது, கேள்வி செரிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பார்க்காதவர்களுக்காக ஸ்டேஷனைச் சொல்லிவிடுகிறேன். பீச் ஸ்டேஷனிலிருந்து வடக்கே போகும் பாதையில் முதல் நிறுத்தம் ராயபுரம். அடுத்தது வண்ணாரப்பேட்டை. ரோட்டிலிருந்து பார்த்தால் வரிசையாகப் பெரிய தூண்கள் வைத்த நீளமான பழைய கட்டடம். ஸ்டேஷன் என்று தெரியாமல் பார்த்தால் ஏதோ கோர்ட் என்றோ பழைய காலேஜ் என்றோதான் நினைக்கத் தோன்றும். உள்ளே போனால் ஆள் குறைவு. நின்று போவது ஒருசில மின்சார ரயில்கள். எந்த எக்ஸ்பிரஸும் இங்கிருந்து கிளம்புவதில்லை. சுற்றிலும் தண்டவாளங்கள் கிடக்கின்றன, சரக்கு வண்டிகள் நிற்கின்றன. முழுக்க மூடின ஸ்டேஷன் என்று சொல்ல முடியாது. கடையைத் திறந்து வைத்துவிட்டு வியாபாரத்தை நிறுத்தின மாதிரி.

இனி பழைய கதை.

சென்னைக்கும் ரயிலுக்கும் உள்ள சம்பந்தம் 1856-க்கும் முந்தியது. 1837-லேயே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் வரை ஒரு ரயில் பாதை இருந்தது. ரோடு போடுவதற்குக் கல் கொண்டு வரப் போட்ட பாதை அது. ஆட்கள் போக அல்ல, சரக்குக்கு. இந்தியாவின் முதல் ரயில் பாதை என்று அதைத்தான் சொல்வார்கள்.

பயணிகள் ரயிலில் பம்பாய் முந்திக்கொண்டது. 1853 ஏப்ரல் 16-ல் போரிபந்தரிலிருந்து தாணே. அடுத்தது கல்கத்தா, 1854 ஆகஸ்டில் ஹவுராவிலிருந்து ஹூக்ளி. மூன்றாவதாக மெட்ராஸ். 1853-ல் வேலை ஆரம்பித்து, 1856 ஜூன் 28-ல் அன்றைய கவர்னர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் ஸ்டேஷனைத் திறந்து வைத்தார். ஜூலை 1-ல் ரயில் ஓட ஆரம்பித்தது. ராயபுரத்திலிருந்து இன்றைய வாலாஜா ரோடு வரை, சுமார் 100 கிலோமீட்டர். ரயிலோடு ரயிலாகப் பெரம்பூரில் தொழிற்சாலையும் அதே 1856-ல் வந்தது.

பம்பாயும் கல்கத்தாவும் முந்திக்கொண்டாலும் அங்கே முதலில் கட்டிய ஸ்டேஷன்கள் இன்று இல்லை. போரிபந்தரில் விக்டோரியா டெர்மினஸ் எழுந்துவிட்டது. ஹவுராவில் இருபதாம் நூற்றாண்டுக் கட்டடம் நிற்கிறது. ராயபுரம் மட்டும் அதே இடத்தில் அதே தூண்களோடு நிற்கிறது. இந்தியத் துணைக்கண்டத்தில் மிச்சமிருக்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது என்று இதைத்தான் சொல்கிறார்கள். கவனித்தீர்களா? ராயபுரத்தை யாரும் பொத்திப் பாதுகாத்ததால் இது நடக்கவில்லை. மற்ற இரண்டு இடங்களிலும் கூட்டம் அதிகமானதால் இடித்துப் பெரிதாகக் கட்டினார்கள். இங்கே அந்த அவசியமே வரவில்லை. ராயபுரம் தப்பித்தது அதன் தோல்வியால்.

ஏன் ராயபுரத்தில் கட்டினார்கள் என்பது இன்னொரு சுவாரசியம். அன்றைக்கு மெட்ராஸ் என்றால் கோட்டை, அதை ஒட்டி பிளாக் டவுன், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுன். வியாபாரம் எல்லாம் அங்கேதான். துறைமுகம் இன்னும் கட்டப்படவில்லை. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும், மசூலா படகுகளில் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டு வருவார்கள். அந்தக் கரைக்கும் பிளாக் டவுனுக்கும் பக்கத்தில், கட்டடம் நெருங்காத இடம் வேண்டும் என்றால் கொஞ்சம் வடக்கே வர வேண்டும். அதுதான் ராயபுரம். ராயப்பர் என்றால் புனித பேதுரு. அவர் பெயரில் ஊர் வந்தது என்பார்கள். கடலோரத்து மக்கள் வாழ்ந்த ஊர், ஒரே நாளில் தென்னிந்தியாவின் வாசல் ஆகிவிட்டது.

வாசல் என்று சும்மா சொல்லவில்லை. 1860-களின் தொடக்கத்தில் பாதை மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரை போய்விட்டது. 1864-ல் பெங்களூருக்குக் கிளைப் பாதை. 1871-ல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைப்பு.

சரி, இதற்கெல்லாம் காசு யார் போட்டது? காமர்ஸ் படிக்கிறவனுக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பாதையைப் போட்டது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. பங்கு வாங்கியவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்துக்காரர்கள். அவர்களுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் இருந்த ஏற்பாடுதான் வேடிக்கை. நிலம் இலவசம். போட்ட முதலுக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 5 சதவீதம் வட்டி உறுதி. ரயில் அந்த அளவுக்குச் சம்பாதிக்கவில்லை என்றால் குறைகிற பணத்தை இந்தியாவின் வரிப்பணத்திலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். அதற்கு மேல் லாபம் வந்தால் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

லாபம் என்பது ரிஸ்க் எடுப்பதற்கான கூலி என்று முதல் வருஷத்திலேயே மனப்பாடம் பண்ணினோம். இங்கே லாபம் லண்டனுக்கு, ரிஸ்க் செங்கல்பட்டு விவசாயிக்கு! அந்த விவசாயி ரயிலைக் கண்ணால் பார்த்திருப்பானா என்பதே சந்தேகம். செலவைக் குறைக்க வேண்டிய அவசியமும் கம்பெனிக்குக் கிடையாது. எவ்வளவு செலவு செய்தாலும் அதற்கும் 5 சதவீதம் வரும். இந்த முறையைத்தான் பிற்பாடு தாதாபாய் நவுரோஜி, ஆர்.சி.தத் போன்றவர்கள் கடுமையாக விமர்சித்தார்கள்.

தாத்தாவிடம் இதைச் சொன்னேன். இந்த முறை டிவியை நிறுத்தினார். "எங்களுக்கு அப்படி ஒரு சேட்டும் கேரண்டி குடுக்கலியேடா" என்றார்.

அவர் ரயில்வே ஊழியர் இல்லை. ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை. எத்தனை மூட்டை ஏற்றினாரோ இறக்கினாரோ அத்தனைக்குத்தான் கூலி. வேகன் வராத நாளில் காசு இல்லை. மழை பெய்தால் காசு இல்லை. தோள்பட்டை இறங்கி மூன்று மாசம் படுத்தபோதும் காசு இல்லை. பாட்டி காசிமேட்டில் மீன் வாங்கித் தெருவில் விற்று வீட்டை ஓட்டினார். பென்ஷன், பாஸ் எதுவும் கிடையாது. அவருடைய தோளில் இன்றும் ஒரு காய்ப்பு இருக்கிறது. சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்கு தாத்தா" என்பேன். முப்பது வருஷ சர்வீஸுக்கு அவரிடம் இருக்கும் ஒரே சர்டிபிகேட் அது.

ராயபுரத்தின் இறக்கம் எப்படி ஆரம்பித்தது? ஒரே அடியில் இல்லை. 1873-ல் பார்க் டவுனில் சென்ட்ரல் வந்தது. நகரம் அதற்குள் மவுண்ட் ரோடு, எழும்பூர் என்று தெற்கிலும் மேற்கிலும் வளர்ந்திருந்தது. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு ராயபுரம் தூரம், சென்ட்ரல் பக்கம். ஆனாலும் சில காலம் இரண்டும் சேர்ந்தே ஓடின. 1907-ல் கடற்கரைப் பாதையைத் தெற்கே நீட்டினார்கள். அதோடு ராயபுரம் பாதையின் முடிவு என்ற அந்தஸ்தை இழந்தது, போகிற வழியில் வரும் ஒரு ஸ்டேஷன் ஆனது. வண்டிகள் சென்ட்ரலில் போய் முடிந்தன. 1908-ல் தெற்கு மாவட்டங்களுக்காக எழும்பூர் ஸ்டேஷன் திறந்தார்கள். அதே 1908-ல் மெட்ராஸ் ரயில்வேயும் சதர்ன் மராட்டாவும் சேர்ந்து எம்.எஸ்.எம். ரயில்வே ஆனது. அதன் தலைமை அலுவலகம் மட்டும் ராயபுரத்தில் இருந்தது. 1922-ல் சென்ட்ரல் பக்கத்தில் புதுக் கட்டடம் கட்டி அதையும் அங்கே கொண்டு போய்விட்டார்கள். இன்று தெற்கு ரயில்வே தலைமையகமாக இருப்பது அந்தக் கட்டடம்தான்.

முதலில் பயணி போனான், பிறகு ஆபீசர் போனார். மிஞ்சியது சரக்கும் அதைத் தூக்கினவர்களும். துறைமுகம் பக்கத்தில் இருந்ததால் அது மட்டும் நிற்கவில்லை. தாத்தா வேலைக்குச் சேர்ந்தது இந்தக் கட்டத்தில்தான். தூண் வைத்த கட்டடத்துக்குள் தனக்கு வேலையே இருந்ததில்லை என்கிறார். யார்டுக்கு வேறு வழி.

பிறகு பல வருஷம் கட்டடம் பாழடைந்து கிடந்தது. 2005-ல் புதுப்பித்தார்கள். பெயின்ட் அடித்தார்கள், தூண்கள் மறுபடி எடுப்பாக நின்றன. 2006-ல் ஸ்டேஷனுக்கு 150 வயது நிறைந்தது. நல்ல விஷயம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெயின்ட் வந்தது, ரயில் வரவில்லை.

இன்னொரு கூத்தும் உண்டு. ராயபுரத்தில் ரயில்வேயின் மின்சார எஞ்சின் கொட்டகை இருக்கிறது. நீண்ட தூர எக்ஸ்பிரஸ்களை இழுக்கும் எஞ்சின்கள் பல அதற்குச் சொந்தம். போன வருஷம் அத்தை வீட்டுக்குக் கோயம்புத்தூர் போவதற்காக நானும் அம்மாவும் ரெண்டு பை, ஒரு அரிசி மூட்டையோடு ஷேர் ஆட்டோ பிடித்து, லாரிகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் நசுங்கி, சென்ட்ரல் போய்ச் சேர்ந்தோம். பிளாட்பாரத்தில் எஞ்சின் வரை நடந்து பார்த்தேன். அதன் மேல் "ராயபுரம்" என்று எழுதியிருந்தது. எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருக்கும் எஞ்சின், எங்களை ஏற்றிக்கொள்ளாமல் முன்னாலேயே வந்து நிற்கிறது. அம்மாவிடம் காட்டினேன். "அது கூடவே வந்திருந்தா ஆட்டோ காசு மிச்சம்" என்றார்.

ராயபுரத்தை முனையமாக்க வேண்டும் என்ற கோரிக்கை ரொம்ப வருஷமாக இருக்கிறது. சென்ட்ரலும் எழும்பூரும் நெரிசலில் திணறியபோது மூன்றாவது முனையம் தேவைப்பட்டது. தாம்பரத்துக்குக் கொடுத்தார்கள். நான்காவது என்ற பேச்சு வந்தபோது பெரம்பூரின் பெயர் முன்னால் வந்தது. ராயபுரத்தின் பெயர் மனுக்களில் வந்துகொண்டே இருக்கிறது.

எதிர்த் தரப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏரியா பாசம் என்பீர்கள். ராயபுரத்துக்கு வரும் ரோடுகள் குறுகல். துறைமுக லாரிகள் வேறு. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் பெட்டியோடு வந்து இறங்கினால் எங்கே நிற்பார்கள்? 2021-ல் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோவும் ஸ்டேஷன் வாசலுக்கு வரவில்லை, வண்ணாரப்பேட்டையோடு தள்ளியே போகிறது. இவையெல்லாம் உண்மை. ஆனால் இந்த உண்மைகளை யார் உண்டாக்கினார்கள்? பயணிகள் வந்த இடங்களுக்குத்தான் ரோடு அகலமாகும், பஸ் ஸ்டாண்டு வரும், மெட்ரோ திரும்பும். முதலில் ரயிலை எடுத்துக்கொண்டு, நூறு வருஷம் கழித்து வந்து "இங்கே ரோடு சரியில்லையே, ரயில் எப்படி விடுவது?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

கணக்கியலில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. ஒரு இயந்திரத்தின் மதிப்பை வருஷா வருஷம் குறைத்து எழுதிக்கொண்டே வந்தால் ஒருநாள் ஏட்டில் அதன் மதிப்பு ஒன்றுமில்லாமல் போய்விடும். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தாலும் ஏட்டில் பூஜ்யம்தான். வடசென்னையை இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அனல் மின் நிலையம், துறைமுகம், எண்ணெய் சுத்திகரிப்பு, எஞ்சின் கொட்டகை, எல்லாம் இங்கே. கரன்ட் இங்கிருந்து போகிறது, சரக்கு இங்கிருந்து போகிறது, எஞ்சின் இங்கிருந்து போகிறது. ஏறுவதற்கு மட்டும் நாங்கள் வேறு இடம் போக வேண்டும்.

தாத்தாவிடம் ஒரு நாள் சும்மா கேட்டேன். "தாத்தா, நீ நம்ம ஸ்டேஷன்ல எத்தினி தடவை ரயில் ஏறியிருப்ப?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "ஏறினதே இல்ல நைனா."

"ஒரு தடவை கூடவா?"

"மூட்டைய ஏத்தியிருக்கேன். நான் எதுக்கு ஏறணும்? எங்க போறது?"

எனக்கு இதை நம்பவே முடியவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த யார்டில் இருந்தவர். வீட்டிலிருந்து நடந்து போவார், நடந்து வருவார். ஊருக்குப் போவதானால் பஸ்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கண் சரியாகத் தெரியாது, கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு, செண்டு வேறு போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே போகிறோம் என்று பாட்டி கேட்டதற்கு, "ரயில் ஏறப் போறோம்" என்றார். எங்கே என்று பாட்டி கேட்கவில்லை, சிரித்தார்.

தூண் பக்கம் வந்ததும் தாத்தா நின்றார். ஒரு தூணில் கை வைத்துப் பார்த்தார். "இத்த நான் கிட்ட வந்து பாத்ததே இல்லடா" என்றார். 1856, ஹாரிஸ் பிரபு, வாலாஜா ரோடு என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒப்பித்தேன். கேட்டுக்கொண்டார். பிறகு அவர் முறை. யார்டு பக்கம் கையைக் காட்டி, எங்கே சிமெண்ட் இறங்கும், எங்கே உர மூட்டை இறங்கும், எந்த மூட்டை தோளை அறுக்கும், எந்த இடத்தில் அவருடைய கூட்டாளி ஒருவர் வேகன் கதவில் கை நசுங்கி விரல் இழந்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் சொன்ன கதையில் கவர்னரும் கம்பெனியும் இருந்தார்கள். இவர் சொன்னது எதுவும் நான் படித்த எதிலும் இல்லை.

பீச் வரை ரெண்டு டிக்கெட் எடுத்தேன். தலைக்கு 5 ரூபாய். ரயிலுக்காக ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் காத்திருந்தோம். பிளாட்பாரத்தில் எங்களைத் தவிர நாலு பேர் இருந்திருப்பார்கள், ஒரு நாயும். ரயில் வந்ததும் தாத்தா தடுமாறினார், ஏற்றிவிட்டேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். ஒரே ஒரு ஸ்டேஷன்தான், சில நிமிஷப் பயணம். யார்டைக் கடக்கும்போது முகத்தை ஜன்னல் கம்பியில் ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தார். கண் தெரியாதவருக்கு என்ன தெரிந்ததோ.

பீச் ஸ்டேஷனில் இறங்கி பர்மா பஜார் பக்கம் டீ குடித்தோம். திரும்பி வரும்போதும் ரயிலிலேயே வரலாம் என்று பார்த்தால் அடுத்த வண்டி வர ரொம்ப நேரம் இருந்தது. தாத்தாவுக்குக் கால் வலி. ஆட்டோ பிடித்து வந்தோம். 10 ரூபாயில் போன இடத்திலிருந்து 120 ரூபாய் கொடுத்துத் திரும்பினோம்.

அதுக்கு இன்னா இப்போ என்று தாத்தா கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் சின்னதுதான். முதல் ஸ்டேஷன் என்ற பட்டத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒரு மின்சார ரயில் நிற்கட்டும். காலையிலும் ராத்திரியிலும் ஒன்றிரண்டு எக்ஸ்பிரஸ் இங்கிருந்து கிளம்பட்டும். அந்த எஞ்சின் கொட்டகையிலிருந்து கிளம்பி வரும் வழியில் எங்களையும் ஏற்றிக்கொண்டு போகட்டும். கூட்டம் வந்தால் அந்தத் தூண்களும் தானாகவே கவனிக்கப்படும்.

தாத்தா இப்போது தெருவில் யாரைப் பார்த்தாலும் ராயபுரத்தில் ரயில் ஏறின கதையைச் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் பயணம் கொஞ்சம் நீளுகிறது. போன வாரம் கேட்டபோது எண்ணூர் வரை போய்விட்டிருந்தோம்.